பின் ஸஃப்பில் 16 கதிரைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள். இது பெண்கள் விடயம்தானே என்று ஆண்கள் பாதியில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். கடைசிப் பகுதி உங்களுக்காகத்தான் எழுதியிருக்கிறேன்.

போன றமழானில் ஒரு நாள் பெண்களுக்கான தராவீஹ் நடக்கும் மண்டபத்துக்கு நான் பிந்திப் போனேன். சின்னவனைத் தூங்க வைத்துவிட்டு வர நேரமாகிவிட்டது. கடைசி ஸஃப்பில்தான் இடம் கிடைத்தது. அங்கே போய் நின்றால் எனக்கு வலப்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் கதிரைகள். இமாம் ஸலாம் கொடுத்த இடைவெளியில் எண்ணிப் பார்த்தேன். 16.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இதே மண்டபத்துக்கு வந்த காலத்தில் ஒரேயொரு மரக் கதிரைதான் இருந்தது. அதில் இருந்து தொழுதவர் 80 வயதைத் தாண்டிய ஒரு மூத்தம்மா. இந்த 16 பேரில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஐந்து பேர்தான் இருப்பார்கள். மற்ற எல்லோரும் 40, 45. ஒருத்தி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

எட்டு ரக்அத் முடிந்து எழும்பும்போது என் கை தானாகவே நாரிக்குப் போனது. அவள் அதைக் கண்டுவிட்டாள். "என்னகா டீச்சர், நீயும் ஒரு கதிரைய எடன்" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வயது 36.

இயலாதவர் உட்கார்ந்து தொழுவதற்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அதைப் பற்றிப் பேச நான் ஆலிமாவும் இல்லை. எனக்குள் வந்த கேள்வி வேறு. 40 வயதில் இத்தனை பெண்களுக்கு ஏன் ஏலாமல் போனது?

மறுநாளிலிருந்து தொழுகை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் ஒவ்வொருவராக விசாரித்தேன். ரெண்டு மூன்று பேருக்கு முழங்கால். மற்றவர்கள் எல்லோருக்கும் நாரி, இல்லாவிட்டால் கழுத்து, இல்லாவிட்டால் ரெண்டும். "கழுத்துல இருந்து கை விரல் வரைக்கும் இழுக்குது டீச்சர்." "காலையில கட்டில விட்டு எழும்புறதுக்கு சுவரப் பிடிக்கணும்." எத்தனை நாளாக என்று கேட்டால் பதில் நாள் கணக்கில் வரவில்லை. மூன்று வருசம், ஏழு வருசம். ஒருவர் சொன்னார், "மூத்தவன் பிறந்த நாள்ல இருந்து." அவருடைய மூத்தவன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான்.

ஒரு பாடத்தை எடுத்தால் அடிவரை போய்ப் பார்ப்பது ஆசிரியர் பழக்கம். தேடித்தேடி வாசித்தேன். 2020ஆம் ஆண்டில் உலகத்தில் 619 மில்லியன் பேருக்கு நாரி நோ இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. இலங்கையின் சனத்தொகை 22 மில்லியனுக்குக் கிட்ட. கணக்குப் பார்த்தால் 28 இலங்கை. இது 2050இல் 843 மில்லியனாகும் என்கிறார்கள். கழுத்து நோவுக்குத் தனிக் கணக்கு, அது 2020இல் 203 மில்லியன். உலகத்தில் மனிதர்களை இயலாமையில் தள்ளும் காரணங்களில் முதலிடம் நாரி நோவுக்குத்தான். மாரடைப்பும் புற்றுநோயும் ஆட்களைக் கொல்கின்றன, அதனால் அவற்றைப் பற்றிப் பேசுகிறோம். இது கொல்லாது. கொல்லாததால் இதற்கு ஊரில் மரியாதையும் இல்லை.

ரெண்டிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்பதையும் அந்த ஆய்வுகள் சொல்கின்றன. மண்டபத்துக் கடைசி ஸஃப்பை நான் பார்த்திராவிட்டால் அந்த வரியை வாசித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன்.

இந்த நோவை நம்ம ஊர் எப்படிப் பார்க்கிறது? ரெண்டு விதமாகப் பார்க்கிறது, ரெண்டும் பிழை. முதலில் பல வருசம் அதை ஒன்றுமில்லை என்று விடுகிறோம். "புள்ளப் பெத்த உடம்பு, அப்படித்தான் இரிக்கும்." "வயசு போகுது, என்ன செய்ய?" "எங்கட உம்மா 9 புள்ளையப் பெத்து நெல்லும் குத்தினா, இப்படியா சொன்னா?" அந்த உம்மா சொல்லியிருப்பா. கேட்க ஆள் இல்லாமல் இருந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் தாங்க முடியாமல் போகும்போது, ஒன்றுமில்லை என்று சொன்ன அதே வீடு தலைகீழாக மாறுகிறது. காசு கொடுத்து ஸ்கேன் எடுக்கிறோம். ரிப்போர்ட்டில் 'டிஸ்க் தேய்வு', 'டிஸ்க் வீக்கம்' என்று இருக்கும். அந்த நிமிடத்தோடு அந்தப் பெண் நோயாளியாகிவிடுகிறாள். குனியாதே, தூக்காதே, படு. நாரிக்குப் பெல்ட். "எலும்பு தேஞ்சு போச்சாம்" என்று சொல்லி அழுதுகொண்டு மாமி வீட்டுக்கும் சாச்சி வீட்டுக்கும் ஃபோன்.

இதில் ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் இதை எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகு நோ துளியும் இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 20 வயதுக்காரரில் 37 வீதமானோருக்கு டிஸ்க் தேய்வு இருந்தது. 40 வயதில் 68 வீதம். 80 வயதில் 96 வீதம். ஒருவருக்கும் நோ இல்லை! தலைமயிர் நரைப்பது போல, டிஸ்க்கும் தேய்கிறது. தேய்வு இருப்பதெல்லாம் நோய் என்றால் நரைத்தவர்கள் எல்லோரும் நோயாளிகள்தான்.

நாரி நோக்களில் ஏறத்தாழ 90 வீதமானவை இப்படி 'இதுதான் காரணம்' என்று விரலை நீட்டிக் காட்ட முடியாத வகை. எலும்பு முறிவோ, கிருமியோ, கட்டியோ, நரம்பு நசிவோ அங்கே இருக்காது. ஆனால் நோ இருக்கும். உண்மையாகவே இருக்கும். 'ஸ்கேனில் ஒன்றுமில்லை, அப்ப நடிக்கிறா' என்று மருமகளைச் சொல்கிற மாமிமாரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

(மிச்சம் 10 வீதத்தை விளையாட்டாக எடுக்க வேண்டாம். நாரி நோவோடு சலம் போவது தடைப்பட்டால், அல்லது தெரியாமலே போனால், மலசலம் போகும் இடத்தைச் சுற்றி விறைத்தால், கால் சோர்ந்து இழுபட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். காய்ச்சலோடு வரும் நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் நோ, விழுந்து அடிபட்ட பிறகு வரும் நோ இவற்றையும் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.)

இனி எங்கள் உம்மாவின் கதை. உம்மாவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

உம்மா தையல் மெசினில் எங்களை வளர்த்தவர். வாப்பா வபாத்தாகும்போது எனக்கு 11 வயது. பெருநாள் காலத்தில் இரவு 2 மணி வரை மெசின் ஓடும் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் தூங்குவோம். நான் கல்வியியற் கல்லூரிக்குப் போன வருசம் உம்மாவுக்கு நாரி நோ கடுமையானது. ஒரு வைத்தியர் ஐந்து நாளைக்கு ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார். ஐந்தே ஐந்து நாளைக்கு. நோ குறைந்தது. ஆறாம் மாதம் திரும்பி வந்தது. உம்மா வெறும் கார்ட்டைக் கொண்டு போய் ஒரு ஃபாமசியில் காட்டினார், அதே குளிசை கிடைத்தது. பிறகு தம்பி கொண்டு போனான். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை. இப்படி எட்டு வருசம். கிழமையில் மூன்று நாள், நான்கு நாள். சில நாள் வெறும் வயிற்றில். நோன்பு திறந்து முதல் வேலை அந்தக் குளிசை.

நான் கண்டுகொள்ளவில்லை. படித்த மகள், சம்பளம் எடுக்கிற மகள், அந்த வெறும் கார்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிழை சொல்வதென்றால் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நாள் உம்மா மலசலகூடத்தில் மயங்கி விழுந்தார். ரெண்டு நாளாகக் கருப்பாகப் போயிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. கமரா போட்டுப் பார்த்தபோது இரைப்பையில் புண், அதிலிருந்து இரத்தம். வாட்டில் ஆறு நாள். ரெண்டு பைன்ட் இரத்தம் ஏற்றினார்கள். இந்த வகை நோக்குளிசைகள் நீண்ட காலம் தொடர்ந்தால் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும், பிரசர் உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும் என்று வாட்டு டொக்டர் அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். குளிசை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கடும் நோவில் வைத்தியர் சொன்ன அளவுக்கு, சொன்ன நாளுக்கு எடுப்பது வேறு. வெறும் கார்ட்டைக் காட்டி எட்டு வருசம் வாங்குவது வேறு. இன்றைக்கும் நம்ம ஊரில் எத்தனை பிள்ளைகளின் கையில் அந்த வெறும் கார்ட் போகிறது என்று பாருங்கள்.

உம்மாவுக்கு உண்மையில் சுகம் வந்தது அதற்குப் பிறகு. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார்கள். காசில்லை, ஆனால் பலருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. அங்கே இருந்த மிஸ் உம்மாவை நடக்கச் சொன்னார். உம்மாவுக்கு ஆச்சரியம். எட்டு வருசமாக எல்லோரும் படு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். "தேய்ஞ்ச நாரியோட நடந்தா இன்னும் தேயாதா மகள்?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். மிஸ் அதைக் கேட்டுவிட்டு, "உம்மா, படுத்தாத்தான் நாரி பலம் இல்லாமப் போகும். அஞ்சு நிமிசத்துல இருந்து தொடங்குங்க" என்றார். சுவரில் கை வைத்துச் செய்ய மூன்று பயிற்சி, படுத்துச் செய்ய ரெண்டு. பெல்ட்டைக் கழற்றி வைக்கச் சொன்னார். அவர் தன் பாட்டுக்குச் சொன்னதல்ல. நாள்பட்ட நாரி நோவுக்காக உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலும் உடற்பயிற்சியை, நோவைப் பற்றிய சரியான விளக்கத்தை முன்னால் வைக்கிறது. நாரிப் பெல்ட், இழுவைச் சிகிச்சை போன்றவற்றை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

உம்மா இப்போது முற்றத்தில் கேட்டிலிருந்து கிணற்றடி வரை கையில் தஸ்பீஹோடு நடக்கிறார். நோ முழுதாகப் போகவில்லை. போகவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் 'ஒரே மாதத்தில் பூரண சுகம்' என்று எண்ணெய் விற்கிறவர்கள் ஃபேஸ்புக்கில் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். ஆனால் எட்டு வருசம் குனிந்து ஸுஜூது செய்யாத உம்மா இப்போது செய்கிறார்.

வேலையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ஆண்கள் நாரியை முறிக்கும் வேலைகள் நமக்குக் கண்ணுக்குத் தெரியும். மில்லில் மூட்டை தூக்குகிறவர், கரைவலை இழுக்கிறவர், ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் "நாரி நோ" என்றால் வீடு நம்புகிறது, வெந்நீர் வைத்துக் கொடுக்கிறது. பெண்ணின் வேலைக்குப் பெயரே இல்லை. சுபஹுக்கு முன் எழும்பி நிலத்தில் குந்தியிருந்து 300 இடியப்பம் பிழிந்து கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு ராத்தா என் வகுப்புப் பிள்ளையின் உம்மா. "உம்மா என்ன வேலை?" என்று நான் விபரம் நிரப்பக் கேட்டபோது பிள்ளை "வேலை இல்லை டீச்சர்" என்றது. பன்பாய் இழைக்கிறவர்கள், மருதமுனைப் பக்கம் தறியில் இருக்கிறவர்கள், தைக்கிறவர்கள், சவூதியிலும் குவைத்திலும் மூன்று மாடி வீட்டைத் தனியாகக் கழுவித் துடைத்துவிட்டு நாரியோடு திரும்பி வந்தவர்கள். இவர்களுக்கெல்லாம் அந்த வேலை முடிந்த பிறகுதான் வீட்டு வேலை தொடங்குகிறது.

குனிவது பாவமில்லை, தூக்குவதும் பாவமில்லை. உடம்பு அதற்குத்தான் படைக்கப்பட்டிருக்கிறது. ஒரே இருப்பில், ஒரே குனிவில், ஆறுதல் இல்லாமல், மாற்றி விட ஆளில்லாமல் வருசக்கணக்கில் செய்வதுதான் ஆளை விழுத்துகிறது. தேங்காய் திருவுவதும் தண்ணீர் வாளி தூக்குவதும் மகனுக்கும் கணவனுக்கும் இயலாத வித்தை இல்லை. இடியப்ப உரலை ஒரு மேசையில் ஏற்றி வைக்க ஒரு பழைய மேசை போதும்.

எங்கள் தொழிலையும் விடக்கூடாது. எட்டுப் பாடவேளையில் ஆறு பாடவேளை நின்றபடி. பிறகு 70 கொப்பி. வீட்டில் மேசை பிள்ளைகளுக்கு, எனக்குக் கட்டில். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரவு 11 மணி வரை திருத்தல். கொரோனாக் காலத்தில் வட்ஸ்அப்பில் படிப்பித்த நாட்களில்தான் எனக்குக் கழுத்து நோ தொடங்கியது. கல்வியியற் கல்லூரியில் பிள்ளைகளை எப்படி இருத்துவது, கரும்பலகையில் எந்தப் பக்கம் நின்று எழுதுவது எல்லாம் படித்தோம். ஆசிரியரின் கழுத்துப் பற்றி ஒரு பாடமும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் ஓய்வறையில் 14 பெண் ஆசிரியைகள். பேக்கைத் திறந்தால் பாதிப் பேரிடம் பாம் போத்தல் இருக்கும். இருவர் வட்டிக் கடனோடும் வீட்டுக் கவலையோடும் தூக்கமில்லாமல் வருகிறவர்கள். கவலையும் தூக்கமின்மையும் நோவைக் கூட்டும் என்பது ஆய்வுகளில் உள்ள விசயம்தான். அதற்காக 'எல்லாம் உன் மனசுல' என்று யாரும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

இனி ஆண்களுக்கு என்று சொன்ன பகுதி.

2024இல் அவுஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு முடிவு வெளிவந்தது. நாரி நோ வந்து சுகமான 701 பேரை எடுத்தார்கள். பெரும்பாலானோர் பெண்கள், சராசரி வயது 54. அதாவது நம்ம கடைசி ஸஃப். ஒரு பகுதியினருக்குப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு நடக்கச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கிழமையில் ஐந்து நாள், 30 நிமிடம் வரை. மற்றவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நடக்காதவர்களுக்குச் சராசரியாக 112 நாளில் நோ திரும்பி வந்தது. நடந்தவர்களுக்கு 208 நாள். காசு கொடுத்து வாங்கும் மருந்தில்லை, மெசின் இல்லை. செருப்பும் அரை மணித்தியாலமும், நடக்க ஒரு இடமும்.

அந்த இடம்தான் நம்ம ஊரில் பெண்களுக்கு இல்லை.

உம்மாவைப் பார்த்து நானும் எங்கள் பாடசாலை டீச்சர்மார் இருவரும் போன வருசம் சுபஹுக்குப் பிறகு கடற்கரை வீதியில் நடக்கத் தொடங்கினோம். அபாயாவோடுதான், மூவராகத்தான், வெளிச்சம் வந்த பிறகுதான். நான்காம் நாள் மோட்டார் சைக்கிளில் போன ஒரு பொடியன், "என்ன டீச்சர், சைஸ் குறைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நான் படிப்பித்த பிள்ளை. ரெண்டாம் கிழமை எங்கள் ஊர் ஃபேஸ்புக் குழு ஒன்றில் பெயர் குறிப்பிடாமல் ஒரு பதிவு. 'காலையில் கடற்கரையில் உலாவும் பெண்கள்' என்று. கீழே 80க்கு மேல் கருத்துகள். எனக்குத் தெரிந்த, மதிக்கிற ஆட்களும் அதில் எழுதியிருந்தார்கள். மறுநாள் ஒரு டீச்சரின் கணவர் போக வேண்டாம் என்றார். மற்றவர் தானாகவே நின்றுவிட்டார். நான் மட்டும் தனியாக நடக்கத் துணியவில்லை. இதுதான் நடந்தது.

அந்தப் பதிவைப் போட்டவரின் உம்மா அந்த 16 கதிரையில் ஒன்றில் இருக்கிறார். இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு கிழமை யோசித்தேன். அவரை அவமானப்படுத்த அல்ல. அவர் அந்தக் கதிரையைக் கண்டிருக்க மாட்டார், அதனால் சொல்கிறேன்.

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியென்றால் ஊரிலேயே பலமான நாரி நம்ம உம்மாமாருக்கு இருக்க வேண்டும். "முற்றத்தில் நடக்கலாமே" என்றும் கேட்பார்கள். எங்கள் உம்மாவுக்கு முற்றம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கட்டின வீட்டுத்திட்டங்களில், ஆறு பேர்ச் காணியில் மூன்று குடும்பம் இருக்கிற வளவுகளில் முற்றம் எங்கே இருக்கிறது? வெட்கம், பாதுகாப்பு, மறைவு பற்றிக் கவலைப்படுகிறவர்களின் கவலையை நான் தள்ளவில்லை. எனக்கும் அந்தக் கவலை உண்டு. அதற்காகத்தான் வீதியைக் கேட்காமல் மைதானத்தைக் கேட்கிறேன்.

நம்ம பாடசாலை மைதானத்துக்கு நாலு பக்கமும் மதில் இருக்கிறது. பின்னேரம் 4 மணியிலிருந்து மஃரிப் வரை கிழமையில் ஏழு நாளும் கிரிக்கெட்டும் ஃபுட்போலும். நல்லது, பிள்ளைகள் விளையாடத்தான் வேண்டும். ஏழு நாளில் மூன்று நாளைக்கு, அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், கேட்டைப் பூட்டி, பெண்களுக்கு விட்டுத் தர முடியாதா? ஒரு காவலாளியும் பூட்டும் இருந்தால் போதும். மழை காலத்தில் மண்டபம். மாதத்தில் ஒரு நாள் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் உதவியோடு ஒரு பிசியோதெரபிஸ்ட்டை அழைத்து நாலு பயிற்சியைச் சரியாகச் செய்யக் காட்டித் தரச் சொல்லலாம். விளையாட்டுக் கழகங்கள் இதற்கு எதிராக நிற்கும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கழகங்களில் விளையாடுகிற பிள்ளைகளில் பாதிப் பேரை எனக்குத் தெரியும், அவர்களுடைய உம்மாமாரையும் தெரியும்.

பள்ளிவாசல் நிருவாகத்திடமும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆப் பிரசங்கத்தில் போதைப்பொருள் பற்றி, சீதனம் பற்றிப் பேசுகிறீர்கள், ஜஸாக்கல்லாஹு ஹைரன். ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதையும் பேசுங்கள். வெறும் கார்ட்டைக் கொண்டு குளிசை வாங்குவதைப் பற்றியும், வீட்டில் உம்மாவின் வாளியை யார் தூக்குகிறார்கள் என்பதைப் பற்றியும். பெண்கள் டீச்சர் சொன்னால் சிரிக்கிறார்கள். மிம்பரில் இருந்து சொன்னால் கேட்பார்கள்.

அதிபரிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் கொடுக்க ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை 11 கையெழுத்து. அதில் ஒன்பது அந்தக் கடைசி ஸஃப்பில் இருப்பவர்களுடையது. ஆண்களின் கையெழுத்து ரெண்டு, ஒன்று என் கணவருடையது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரை கடிதம் எங்கள் வீட்டில் இருக்கும். திங்கட்கிழமை காலையில் கொண்டு போய்க் கொடுப்பேன், இன்ஷா அல்லாஹ். வர முடியாதவர்கள் இன்பொக்ஸில் சொன்னால் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.